ரத்தினம் ‘ஓடட்டும்’ என்று சொல்லாத வண்டி

பெயின்ட் ஷாப் முனிரத்தினம் போய்விட்டான் என்ற செய்தி எனக்குக் கடைசியில்தான் வந்தது. நம் கம்பெனி டைம் ஆபீசிலிருந்து போன் செய்த கிளார்க், “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் சார், இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு...” என்று இழுத்தார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வேப்பனப்பள்ளியில் தன் மாந்தோப்புக்குக் காலையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தானாம். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. எனக்கு முன்னால் யார் யாருக்கெல்லாம் சொன்னார்கள் என்றுதான் மனம் போயிற்று. விசாரித்துப் பார்த்தால் கேன்டீன்காரருக்குக்கூட ஒரு மணி நேரம் முன்பே தெரிந்திருக்கிறது. இருபது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவனுக்கு இந்த மரியாதைதானா என்று கோபமாக வந்தது. அவனைச் சுற்றி நின்ற கூட்டத்தில் எனக்கு எப்போதுமே முன்வரிசை கிடைத்ததில்லை. அவன் செத்த அன்றும் கிடைக்கவில்லை.

நம் நல மன்ற மலருக்காக இதை எழுதச் சொல்லி வந்தவர்கள், “ரத்னண்ணாவும் நீங்களும்தான் சார் நம்ம கம்பெனியில வண்டி பார்க்கறவங்க. நீங்க எழுதினாத்தான் பொருத்தமா இருக்கும்” என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் என்னை வைத்தார்கள். ஒரு நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததே தப்பு என்பதற்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இன்ஸ்பெக்சன் பிரிவில் இருந்தேன். டிப்ளமோ படித்தவன், மேஜையில் அளப்பதற்கு வெர்னியர், மைக்ரோமீட்டர், கையில் பாஸ் முத்திரை. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று சொல்வதற்குக் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது. முனிரத்தினம் பெயின்ட் அடிக்கிறவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கம்பெனியில் எவன் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவான். அப்போதெல்லாம் ஓசூரில் கார் வாங்குவது என்றால் பெங்களூரில் யாராவது ஓட்டிக் கழித்ததை வாங்கிவந்து, கர்நாடக நம்பரை மாற்றி ஓட்டுவதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்தில் வாங்குகிறவன், அவன் மச்சான், இவர்களுக்கு நடுவில் ரத்தினம், மூன்று பேரும் பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஒருவன் என்னைக் கேட்டதில்லை. ஒரு மசால் தோசைக்கு மேல் அவன் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாங்கியிருந்தால் குறை சொல்லவாவது வழி இருந்திருக்கும்.

அவன் வண்டி பார்க்கிற விதத்தை ஒரே ஒரு முறை, அழையாமலே கூடப் போய்ப் பார்த்தேன். ஸ்டோர்ஸில் இருந்த என் நண்பருக்காக பெங்களூர் ஜெயநகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் மழை விட்டிருந்தது. கார் பளபளவென்று நின்றது. ரத்தினம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வீட்டுக்காரரிடம் கன்னடத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெயில் வரட்டும் என்றான். “ஈரத்துல எல்லா வண்டியும் புதுசுதான் சார்.” வெயில் வந்து காய்ந்த பிறகு எழுந்துபோய் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்தான். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், காலையில் கிளம்பாத வண்டி என்று அர்த்தமாம். பிறகு கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்தான். பெயின்ட் கோடு அங்கே இருந்தால் மறுபடியும் அடித்தது. பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தான். “மீட்டரைத் திருப்பிடலாம். இதை யாரு திருப்புவாங்க?” கடைசியில், நம் ஆளை ஓட்ட விடாமல் வீட்டுக்காரரையே ஓட்டச் சொல்லிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். “வண்டியை அப்புறம் பார்ப்போம். அவரு கையைப் பாருங்க. இன்னிக்கு எப்புடி கியர் போடறாரோ அப்புடித்தான் இத்தினி வருசமும் போட்டிருப்பாரு.” நானோ, எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனையையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

வாங்கிய வண்டியைக் கம்பெனி வாசலுக்குக் கொண்டுவருவது நம்மிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சைக்கிள் ஷெட் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சுற்றி நிற்பவர்களுக்கு மைசூர்பாகு. ரத்தினம் வந்து வண்டியின் கூரை மேல் உள்ளங்கையை வைத்து, “ஓடட்டும்” என்பான். அந்தச் சொல்லுக்காகத்தான் கூட்டம் நிற்கும். நான் போட்ட முத்திரையோடு எத்தனை ஆயிரம் பாகங்கள் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கும்! அதற்காக ஒருவன் நின்று பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கார் வாங்குகிற காலம் வந்தது. மனைவி கமலாவின் அம்மா வீடு சேலத்தில். மகளுக்கு அப்போது நான்கு வயது. குடும்பத்துக்கு ஏற்ற அமைதியான வண்டி ஒன்றை வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஆசை. பின்பக்கம் முழுக் கதவாக மேலே தூக்கித் திறக்கிற சின்னக் கார்தான், ஆனால் எல்லாரும் வைத்திருப்பது போன்றது இல்லை. பெங்களூரில் கார் ராலிப் பந்தயம் ஓட்டுகிற ஒரு பையன் இன்ஜினைக் கழற்றி வேலை செய்து, கார்புரேட்டரை மாற்றி, அகலமான டயர் போட்டு வைத்திருந்த சிவப்பு வண்டி. ஆக்சிலேட்டரைத் தொட்டால் சீட்டோடு முதுகு ஒட்டிக்கொள்ளும். ரத்தினம் இதுவரை இப்படி ஒரு வண்டியைப் பார்த்துக் கொடுத்ததில்லை. அதனாலேயே எனக்கு அது வேண்டியிருந்தது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தனியாகப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை, கம்பெனியிலிருந்து கம்ப்ரஷன் கேஜ் கடன் வாங்கிக்கொண்டேன், சொந்த வெர்னியரை எடுத்துக்கொண்டேன். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் பார்த்தேன். பிரேக் தட்டின் கனத்தை அளந்தேன். டயரின் பள்ளத்தை அளந்தேன். எல்லாம் அளவுக்குள் இருந்தது. “இப்புடி யாரும் செக் பண்ணதில்ல அங்கிள்” என்று அந்தப் பையன் வாயைப் பிளந்தான். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? வெயில், ரப்பர், பெடல் எதுவும் அன்று நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன். அதெல்லாம் பெயின்ட் ஷாப் வித்தை, நான் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் சைக்கிள் ஷெட்டில் பெரிய கூட்டம். நான் ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டியபோது கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். “ரத்னண்ணா வாங்க, ரத்னண்ணா வாங்க” என்று அவனை இழுத்து வந்தார்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். கூரை மேல் கையை வைத்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தான். ஓரத்தில் தண்ணீர் வடிகிற பள்ளத்தில் அவன் கட்டைவிரல் ஒரு முறை போய் வந்தது. பிறகு எல்லாரையும் பார்த்து, “சார் பார்த்து வாங்கினது. நான் சொல்றதுக்கு என்ன இருக்குது?” என்றான். கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மதியம் வேறு இல்லை. அவன் “ஓடட்டும்” என்று சொல்லவில்லை என்பதை அந்தக் கைதட்டலில் நான் கவனிக்கவில்லை.

மாலையில் மொபெட்டில் என் வீட்டுக்கு வந்தான். கமலாவும் குழந்தையும் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். உள்ளே வராமல் வண்டி பக்கத்திலேயே நின்றான்.

“சார், கால் வைக்கிற ரப்பர் மேட்டை எடுத்துப் பார்த்தீங்களா?”

“எதுக்கு?”

“வேக வண்டி வாங்கறவங்க எல்லாம் இன்ஜினைத்தான் சார் பார்க்கறாங்க. இன்ஜின் கெட்டா மாத்திக்கலாம். உடம்பைப் பார்க்கணும். கூரையில மறுபடியும் பெயின்ட் விழுந்திருக்குது. இது ஒரு தடவை கவுந்திருக்கும்னு தோணுது. மேட்டை மட்டும் தூக்கிப் பாருங்க.”

நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். “நான் உன்னைக் கூப்பிடலேன்னு வயித்தெரிச்சல் ரத்னம் உனக்கு. பார்க்கறது என் தொழில். உனக்கு பெயின்ட் அடிக்கத்தான் தெரியும்.”

அவன் முகம் சுருங்கியது. ஆனால் குரல் மாறவில்லை. “வயித்தெரிச்சலாவே இருக்கட்டும் சார். தங்கச்சியையும் பாப்பாவையும் இதுல ஒக்கார வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை தூக்கிப் பாருங்க.” மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வயிற்றெரிச்சல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அதை அவன் தலையில் கட்டிவிட்டால் என்னுடையது குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சேலம் கிளம்பினோம். பையை உள்ளே வைத்துவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அதற்கடியில் இருந்த கம்பளத்தையும் பிரித்தேன். தரைத் தகட்டில் சதுரமாக நான்கு ஓட்டைகள், மக்கு வைத்து அடைத்துக் கறுப்பு பெயின்ட் பூசியிருந்தது. பந்தயத்தில் கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க உள்ளே கம்பிக் கூண்டு போல்ட் போட்டு வைப்பார்கள். அது நின்ற இடம். பக்கத்திலேயே ஒரு வெல்டிங் கோடு. இன்ஸ்பெக்சன் மேஜைக்கு இப்படி ஒரு பாகம் வந்திருந்தால் இரண்டாவது முறை பார்க்காமல் தூக்கி எறிந்திருப்பேன்.

நான் கம்பளத்தை ஒட்டினேன். மேட்டைத் திரும்பப் போட்டேன்.

ஏன் என்று கேட்டால், திரும்பிப்போனால் அவன் சொன்னது சரியாகிவிடும். திங்கட்கிழமை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். கமலா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

கிருஷ்ணகிரியைத் தாண்டி, காவேரிப்பட்டணம் வருவதற்கு முன், மாங்காய் லாரி ஒன்று முன்னால் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். இடதுபக்கம் முன்சக்கரத்துக்கு மேலே இரும்பு கிழிகிற சத்தம் கேட்டது. ஸ்டியரிங் என் கையில் இல்லை. வண்டி இடதுபக்கம் இறங்கி, மண்ணை வாரிக்கொண்டு போய், புளியமரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. குழந்தை அழக்கூட இல்லை. கமலா அதன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சக்கரத்தைத் தாங்கும் தகட்டில் எவனோ போட்ட வெல்டிங் விட்டுப்போயிருந்தது.

அவர்களை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எனக்கு வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை. வேப்பனப்பள்ளி பஸ் பிடித்து அவன் தோப்புக்குப் போனேன். மாங்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டுக்காரம்மாவோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தான்.

“மேட்டைத் தூக்கிப் பார்த்தேன் ரத்னம். பார்த்துட்டுத்தான் போனேன்.”

அவன் என்னையே பார்த்தான். “பாப்பாவுக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“தங்கச்சிக்கு?”

“இல்ல.”

“அப்ப வாங்க. வண்டி ரோட்டுல கெடக்குது, யார்னா வந்து முட்டிக்கப் போறாங்க.” அவ்வளவுதான் கேட்டான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வண்டியை இழுத்துக்கொண்டுபோன கிருஷ்ணகிரி ஷெட்டில் மெக்கானிக், மறுபடியும் வெல்டிங் வைத்து பெயின்ட் அடித்தால் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்றான். நானும் தலையாட்டினேன். ரத்தினம்தான் குறுக்கே வந்தான். “வேணாம் சார். இன்னொருத்தர் வீட்டுப் பாப்பா இதுல ஒக்காரும்.” வண்டியைப் பழைய இரும்பாக அறுக்கச் சொல்லி, அறுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றான். என்னை நம்பி அங்கே விட்டுப் போகவில்லை. அதுவும் சரிதான்.

கம்பெனியில், கோயம்புத்தூர் ராலிக்காரர் ஒருவர் என் வண்டிக்கு ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார் என்று நான் சொன்னேன். ரத்தினம் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுத்து ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகுதான் உங்களில் பலர் என்னையும் வண்டி பார்க்கக் கூப்பிட ஆரம்பித்தீர்கள். ராலிக்காரனே தேடி வந்து வாங்குகிற மாதிரி பார்த்து எடுத்தவர் என்று சொன்னீர்கள். அவனும், “தோப்புல வேலை இருக்குது, சாரைக் கூட்டிகினு போங்க” என்று அனுப்பி வைத்தான். நானும் போனேன். உங்கள் செலவில் மசால் தோசை சாப்பிட்டேன். ஜெயநகரில் பார்த்ததை அப்படியே செய்து காட்டினேன். பானெட்டில் கை, ரப்பரில் நகம், பெடலில் விரல். நான் பார்த்துக் கொடுத்த வண்டி நன்றாக ஓடியிருந்தால், அது அவனிடமிருந்து திருடியது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதெல்லாம் இருந்தும் என் பொறாமை குறையவில்லை. சைக்கிள் ஷெட்டில் நான் கூரை மேல் கை வைத்தால், நீங்கள் அவனும் வந்து வைக்கட்டும் என்று காத்திருந்தீர்கள்.

வீட்டில் மட்டும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்குப் பின் ரத்தினம் இரண்டொரு முறை வீட்டுக்கு வந்தான். முன்பெல்லாம் “அண்ணா, காபி சாப்பிட்டுத்தான் போகணும்” என்று வழிமறிக்கிற கமலா, உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. பிறகு அவன் வருவது நின்றுவிட்டது. அவள் ஏன் அப்படி மாறினாள் என்று நான் கேட்கவில்லை. உலகத்தில் ஒருத்தியாவது அவனைவிட என்னைப் பெரிதாக நினைக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். அவன் சாவுக்கும் அவள் வரவில்லை. முழங்கால் வலி, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

தோப்புப் பாதையில் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. அத்தனையும் அவன் பார்த்துக் கொடுத்தவை. கடைசிவரை அவனுக்கென்று இருந்தது அந்த மொபெட் ஒன்றுதான். மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது நம் கம்பெனி பிரஸ் ஷாப்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே எங்களுக்கு நீங்கதான் சார்” என்றார். இருபது வருஷமாகக் கேட்க நினைத்த வார்த்தை. அவன் உடம்பு பத்தடியில் கிடக்கும்போது வந்தது.

இதை எழுதி முடித்து, கொடுப்பதற்கு முன் கமலாவிடம் படித்துக் காட்டினேன். மேட்டைத் திரும்பப் போட்ட விஷயம் அவளுக்கு இதில்தான் தெரியப்போகிறது, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வோம் என்று இருந்தேன். அவள் அசையாமல் கேட்டாள்.

“நீங்க மேட்டைத் தூக்கிப் பார்த்ததை அன்னிக்கே பார்த்தேன்,” என்றாள். “வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். என்னான்னு அப்ப புரியலை. அப்புறம் அவரு வீட்டுக்கு வந்தப்ப, நீங்க பால் வாங்கப் போயிருந்தீங்க, அவருகிட்ட கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“‘சாரு ஓட்டையைப் பார்த்துட்டு முன்னாடியே என்கிட்ட கேட்டாரும்மா, நான்தான் ஒண்ணும் ஆவாது, போய்ட்டு வாங்கன்னு சொன்னேன், தப்பு என்னுதுதான்’னாரு. குழந்தை மடியில இருந்ததே, பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுகிட்டாரு. அன்னியோட அண்ணான்னு கூப்பிடறதை விட்டுட்டேன்.”

வண்டி விஷயத்தில் ஒரு முறைகூடத் தப்பாத கண் அவனுடையது. அதை நினைத்துத்தான் நான் இத்தனை வருஷம் வெந்தேன். என் வீட்டுக்குள் மட்டும் அவன் வண்டி பார்க்கத் தெரியாதவனாக, ஒரு குழந்தையைச் சாகக் கொடுக்க இருந்தவனாக இருந்திருக்கிறான். அந்த இடத்தை அவனே கேட்டு வாங்கிக்கொண்டு, காபி இல்லாமல் படியிறங்கிப் போயிருக்கிறான். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அவன் நினைவாக நான் வைத்துக்கொள்வது என்ன என்று மலரில் கடைசியாக எழுத வேண்டுமாம். பொறாமையைத்தான் வைத்துக்கொள்கிறேன், வேறு எதற்கும் எனக்கு உரிமை இல்லை. முன்பு அவன் கண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அன்று குனிந்த அந்தத் தலையை நினைத்துப் படுகிறேன். எனக்கு அப்படிக் குனிய வந்திருக்காது.

அவ்வளவையும் சொல்லிவிட்டுக் கமலா எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து, வேப்பனப்பள்ளிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.